தாத்தாவுக்கு அப்பா பெயர்

அப்பாவின் தலைத்திவசம் முடிந்து வந்த தை அமாவாசை. இறந்த முன்னோருக்கு எள்ளும் நீரும் விடும் தர்ப்பணத்துக்காக ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் ஐயர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோத்திரம் கேட்டார், சிவகோத்திரம் என்றேன். அப்பா பேர் கேட்டார், சொன்னேன். தாத்தா பேர், அதையும் சொன்னேன். "தாத்தாவுக்கு அப்பா?" என்றார். எனக்கு வாயே வரவில்லை. "பரவாயில்லை, மனசுல நெனச்சுக்குங்க" என்று அவர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். பேர்கூடத் தெரியாத ஒருவரை மனதில் எப்படி நினைப்பது?

இத்தனைக்கும் அந்தப் பேரை என் காதுபடப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அப்பா இருக்கிற வரை மகன் தர்ப்பணம் செய்வதில்லை. அதனால் அமாவாசைக்கு அப்பாவோடு போனால் அவருடைய சட்டையையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே அவர் தெற்கு பார்த்து உட்கார்ந்து மூன்று தலைமுறைப் பேரையும் சொல்லித்தான் நீர் விட்டிருப்பார்.

மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம். உள்ளங்கையில் எள்ளும் நீரும். விரல் நுனியால் விடக்கூடாது; கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழிய விட வேண்டும். நீர் போய்விடும், நாலைந்து எள் மட்டும் ரேகையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்பா வசு, பாட்டன் ருத்திரர், முப்பாட்டன் ஆதித்தியர் என்று தேவர்களாகப் பாவித்து விடுகிறோம். கடைசியில் தாய், தந்தை, சுற்றம் என்று யாருமே இல்லாமல் போனவர்களுக்கும் ஒரு கை நீர் உண்டு. எனக்கு அந்த இடத்தில்தான் தொண்டை அடைத்தது.

பிள்ளை இல்லாதவர்களை நம் ஊர்களில் கடவுளே கைவிட்டதில்லை. வல்லாள மகாராஜாவுக்கு மகனாக இருந்து மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுப்பவர் திருவண்ணாமலை அண்ணாமலையார். கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில் லட்சுமி நாராயணசாமி என்ற பக்தருக்குத் தீபாவளியன்று பெருமாளே சிரார்த்தம் செய்கிறார். சாமியே மகன் ஸ்தானத்தில் நின்று செய்யும் காரியம் இது. அதைப் போய் 'பித்ரு தோஷம், செய்யாவிட்டால் குடும்பம் விளங்காது' என்று பயமுறுத்தி விற்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த மனிதர் ஒரு வாய் எள்ளு நீருக்காக என் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்வாரா?

சரி, உயிரோடு இருக்கும்போது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தமிழ் வருடங்கள் 60-ம் ஒரு சுற்று முடிந்து, பிறந்த வருடமே திரும்பி வரும்போது அறுபதாம் கல்யாணம். 70-ல் பீமரத சாந்தி, 80-ஐ ஒட்டி சதாபிஷேகம். திருக்கடையூரில் போய்ப் பாருங்கள், மணையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் தலையில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கலசத் தீர்த்தத்தை ஊற்றுவார்கள். எங்கள் அப்பாவுக்கு 60 வந்தபோது "எதுக்குடா வெட்டிச் செலவு" என்றார். நானும் அப்பாடா என்று விட்டுவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொன்னது எனக்காக என்று அன்றைக்குப் புரியவில்லை. 70-க்குச் சேர்த்துச் செய்துவிடலாம் என்று இருந்தேன். 67-ல் போய்விட்டார்.

அப்பா இருக்கிறவர்கள் இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து முன்னோர் பேரைக் கேளுங்கள். அம்மா வழியையும் சேர்த்துக் கேளுங்கள். மகள்களும் கேளுங்கள். திருக்கடையூருக்கு நாள் குறிக்க முடியாவிட்டாலும் இதற்கு ஒரு சாயங்காலம் போதும்.

அன்று வீட்டுக்கு வந்து காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அத்தைக்குப் போன் செய்தேன். அப்பாவின் அக்கா, நினைவு தெளிவாக இருக்கிறது. பேரைச் சொன்னார். அப்புறம், மாட்டு வண்டி ஓட்டியவர், ராத்திரியில் பாடிக்கொண்டே வருவார், பாட்டுச் சத்தம் கேட்டுத்தான் வீட்டில் உலை வைப்பார்கள் என்றார். "உங்க அப்பனுக்கு அவரை மாதிரியே குரல்" என்றார்.

ஆடி அமாவாசைக்கு அதே படித்துறை. ஐயர் தாத்தா பேரைக் கேட்டு முடிக்கும் முன்பே நான் மூன்றாவது பேரையும் சொல்லிவிட்டேன்.