ஓட்டைக்கும் காசா?

(பெசன்ட் நகரில் ஒரு பழைய வீடு. கொசுவலை அடிக்க வந்த முருகேசன் அளவு டேப்புடன் ஜன்னல் மீது ஏறி நிற்கிறார். கீழே அலமேலு, கணக்குப் பார்க்கும் கண்களுடன்.)

அலமேலு: சதுர அடிக்கு இவ்வளவா? தம்பி, வலையில் பாதிக்கு மேல் ஓட்டைதானே? ஓட்டைக்குமா காசு?

முருகேசன்: அம்மா, ஓட்டை இருந்தால்தான் காற்று வரும். ஒரு அங்குலத்துக்கு இந்தப் பக்கம் 18 இழை, அந்தப் பக்கம் 16 இழை.

அலமேலு: அப்படியென்றால் ஒரு சதுர அங்குலத்தில் 288 ஓட்டை. (முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவரிடம் இழைக் கணக்கை எடுத்திருக்கக் கூடாது.) அத்தனைக்கும் தள்ளுபடி கொடு.

முருகேசன்: விலையைக் குறைக்க வேண்டுமானால் வெல்க்ரோ வலை ஒட்டித் தருகிறேன். ஆனால் சித்திரை வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். ஃபைபர் வலை என்றால் உங்கள் பூனை ஒரே பிறாண்டலில் கிழித்துவிடும். எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைதான் சரி. அதிலும் கடற்கரை உப்புக் காற்றுக்கு 304 ரகத்தில் துருப்புள்ளி விழலாம், 316 போட்டால் தாங்கும்.

அலமேலு: இதென்ன பஸ் நம்பரா? எனக்குத் தெரிந்ததெல்லாம் 29சி தான். சரி, வாசல் வலைக்கதவில் பால் பாக்கெட் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை வைத்துவிடு.

முருகேசன்: அதில் கொசு வருமே!

அலமேலு: காலை ஐந்தரை மணிக்கு மட்டும்தானே திறப்பேன்? பக்கத்து வீட்டு அம்மாளோடு பேச முகத்தளவுக்கு இன்னொன்று.

முருகேசன்: அம்மா, இதற்குக் கதவே வேண்டாம், சட்டத்தை மட்டும் மாட்டிவிட்டுப் போகிறேன்... ஆ! (காலில் பட்டென்று அடித்துக்கொள்கிறார்.) பட்டப்பகலில் கடிக்கிறதே! கொசுவின் காலில் வெள்ளை வரி பாருங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ்.

அலமேலு: அதனால்தானே வலை போடச் சொன்னேன்?

முருகேசன்: இது வெளியிலிருந்து வந்ததில்லை. அதோ, உங்கள் மணி பிளான்ட் பாட்டிலில் கொசுப் புழுக்கள் நெளிகின்றன. ஜன்னலை அடைத்தால் இவை வெளியே போக வழியில்லாமல் உங்களோடுதான் குடித்தனம் நடத்தும்.

அலமேலு: பேத்தி ஆசையாக வைத்தது! பாட்டில் வாய்க்கும் ஒரு வலை அடித்துவிடு.

முருகேசன்: வேண்டாம். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. கொடுங்கள், இதை நானே கழுவிக் காட்டுகிறேன்.

அலமேலு: இதற்கு எவ்வளவு?

முருகேசன்: இதற்குப் போய்க் காசு வாங்குவேனா அம்மா?

அலமேலு: அடடா, தங்கமான பிள்ளை! ஜன்னல் கிடக்கட்டும், இறங்கி வா தம்பி. மாடியில் இன்னும் எட்டுப் பாட்டில் இருக்கிறது.