கிராமத்துக்குக் குடியேறும் படங்களில் சிரிப்பு எங்கே இருக்கிறது?

நகரத்துக் குடும்பம் கிராமத்தில் நிலம் வாங்கிக் குடியேறும் கதை என்றால் நம் ஆட்கள் முதலில் எழுதுவது சாணியில் வழுக்கி விழும் காட்சி. அப்புறம் மாடு முட்டும். பார்த்தாலே கோபம் வருகிறது. பத்திரத்திலும் தண்ணீரிலும் இருக்கிற சிரிப்பை ஏன் யாரும் தொடுவதில்லை?

1948-இல் வந்த 'மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் ட்ரீம் ஹவுஸ்' என்ற ஹாலிவுட் படத்தைப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து கனெக்டிகட் கிராமத்துக்குப் போகிறார் நாயகன் கேரி கிராண்ட். கிணற்றுக்கு எவ்வளவு ஆழம் துளைத்தும் தண்ணீர் வராது, வீட்டுக்குத் தோண்டிய குழியில் சில அடியிலேயே ஊற்று பொங்கும். பழைய வீட்டை இடித்த பிறகுதான் தெரியும், அதை அடமானம் பிடித்திருப்பவரின் அனுமதி இல்லாமல் இடித்திருக்கவே கூடாதென்று. வீடு கட்டியவர்களுக்குத் தெரிந்த சிக்கல்கள் இவை. அதனால்தான் இன்றும் சிரிக்க முடிகிறது.

அந்த மாதிரிப் படத்துக்குப் புதுச்சேரியின் பாகூரை விட நல்ல களம் இல்லை. கொஞ்ச தூரம் போவதற்குள் புதுச்சேரி முடிந்து கடலூர் மாவட்டம் வந்துவிடும். நிலத்தைக் குழிக் கணக்கில்தான் அளப்பார்கள்; பாகூர் பக்கம் ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர். அந்தக் கடலூர் மாவட்டத்திலேயே சிதம்பரம் பக்கம் குழி என்றால் 144 சதுர அடிதான். நூறு குழி ஒரு மா, 33 சென்ட். பாகூரில் 50 குழி வாங்கிய சென்னை மாப்பிள்ளை சிதம்பரத்து மாமனாரிடம் போனில் விலையைச் சொல்கிறார் என்று வையுங்கள். வாங்கியது 66 சென்ட். மாமனார் மனக்கணக்கில் அது பதினாறரை. "ஏமாந்துட்டீங்களே மாப்ள!" என்று அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவார். பட்டாவை எடுத்தால் அதில் குழியும் இல்லை, சென்டும் இல்லை. ஹெக்டேர், ஏர் என்று மெட்ரிக் அளவில் இருக்கும். ஒரு அரை மணி நேரப் படம் இதிலேயே ஓடும்.

அடுத்தது தண்ணீர். கடலோர மணலில் நல்ல தண்ணீர் கனம் குறைவு, உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும். உள்ளூர்க்காரர் சிமெண்ட் உறை இறக்கி ஆழமில்லாத கிணறு வெட்டி, சின்ன மோட்டார் வைத்து, இடைவெளி விட்டு இறைப்பார். நகரத்து ஆளோ 'ஆழம் போனால் நல்ல தண்ணி' என்று போர் போட்டுப் பெரிய மோட்டாரை இறக்குவார். வேகமாக உறிஞ்ச உறிஞ்ச, அடியில் இருக்கும் உப்பு மேலேறி வரும். தென்னை தாக்குப்பிடிக்கும், மிளகாய்க்கு இலை ஓரம் கருகிவிடும். பூச்சிமருந்துக் கடைக்காரர் பூச்சி என்பார், பக்கத்து வீட்டம்மா கண்ணேறு என்பார். ஒரு வாய் தண்ணீரைக் குடித்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டார் சுற்றாமல் உறுமுவதையும், அப்படியே விட்டால் காயில் கருகுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். கதை எழுதுகிறவர்கள் பத்திரம் எழுதுபவர், உறை இறக்குபவர், மோட்டார் காயில் கட்டுபவர் மூவரிடமும் முதலில் போய்க் கேளுங்கள். மாடு அப்புறம் முட்டட்டும்.