மூச்சு முட்ட ஓடுவது பயிற்சி இல்லை
"மூச்சு முட்டினாலும் நிற்காமல் முதல் நாளே 20 நிமிடம் ஓடுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும்" என்று புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கான ஒரு கட்டுரையில் படித்தேன், அது சரியல்ல. புதிதாக ஓடுபவருக்கு மூச்சு முட்டக் காரணம் பெரும்பாலும் வேகம்தான். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகத்தைக் குறையுங்கள், நடந்து போகிறவர் முந்தினாலும் பரவாயில்லை. முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு முறையும் 5 நிமிட வேகநடையில் தொடங்கி, 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று 7 அல்லது 8 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாளாக வாரம் 3 நாள் போதும். அப்புறம் ஓட்டத்தில் அரை நிமிடம் கூட்டலாம். சிரமமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யலாம், அவசரமே இல்லை. ஏமாற்றுகிற விஷயம் வேறு: இதயமும் மூச்சும் சில வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான், நன்றாக ஓட வருகிறதே என்று நாலாவது வாரத்தில் தூரத்தைச் சட்டென்று கூட்டியவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே, காலின் முன்பக்க எலும்பின் உள்ளோரம் வலி பிடிக்கிறது. வலி நீளவாக்கில் பரவி இருந்தால் சில நாள் ஓட்டத்தை விட்டு, வலிக்காத அளவு நடக்கலாம். ஒரே புள்ளியில் விரல் வைத்து அழுத்தும்போது சுரீர் என்றால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்காமல் ஓடக்கூடாது. விலை உயர்ந்த ஷூ போட்டால் இந்த வலி வராது என்று சிலர் சொல்வார்கள். வரும். ஷூவில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்பதை. இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கும், இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும்.