12 தேங்காயில் 5 கொடுத்தால் 17 வருவது ஏன்?

12-க்குக் கீழே 5 எழுதிக் கழிக்கச் சொன்னால், காது கேளாத நாலாங்கிளாஸ் பிள்ளை 7 என்று சரியாகப் போட்டுவிடும். அதையே “வள்ளியிடம் 12 தேங்காய் இருந்தது. முருகனுக்கு 5 கொடுத்தாள். மீதி எத்தனை?” என்று கேட்டால் 17 என்று எழுதும். கணக்கு வராமல் இல்லைங்க. ‘வள்ளியிடம்’, ‘முருகனுக்கு’ இவற்றின் கடைசியில் வரும் ‘இடம்’, ‘உக்கு’ இரண்டும் அந்தப் பிள்ளைக்கு எட்டவில்லை. கண்ணில் பட்ட இரண்டு எண்ணையும் கூட்டி வைக்கிறது. இதை மந்தம் என்று எழுதிவிடுகிறோம்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்பவர்கள், கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘பாடு’, ‘மாடு’ சொல்லிப் பாருங்க. உதடு ஒன்றுபோலத்தான் அசையும். இந்திய சைகை மொழியில் ‘கொடு’ என்னும்போது கை வள்ளி பக்கமிருந்து முருகன் பக்கம் நகரும். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று கண்ணுக்கே தெரியும். தேங்காயை நிஜமாகவே கைமாற்றி, சைகையில் சொல்லி, பிறகு ‘முருகனுக்கு’ என்று எழுதி, ‘உக்கு’வை மட்டும் சிவப்பில் காட்டுங்க. சைகை பழகினால் பேச்சு வராது என்று பிள்ளையின் கையைப் பிடித்து அடக்குவது கொடுமைங்க.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் காது மெஷின் தறிச் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கும். பிள்ளை கழற்றி வைத்தால் திட்டாதீங்க, தறி நின்ற பிறகு பாடம் சொல்லிக் கொடுங்க. பிள்ளை வளர வளரக் காது அச்சு (காதுக்குள் பொருந்தும் மெஷினின் பகுதி) தளர்ந்து மெஷின் விசிலடிக்கும். அப்போது மாற்ற வேண்டியது அச்சை, பலர் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். டீச்சர் தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், மெஷின் வேலை செய்கிறதா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பார்வையற்ற பிள்ளைகளின் சிக்கல் வேறு. விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துதான் பிரெயில். அதைத் தாளில் குத்தும் சட்டகத்தில் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிக் குத்த வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கட்டத்திலும் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6 என ஆறு புள்ளிக்கு இடம் உண்டு. 1, 5 புள்ளிகள் சேர்ந்தது ஏ; அது இடவலம் மாறினால் 2, 4, அதாவது இ. ‘வேல்’ எழுதப்போய் ‘வில்’ ஆகிவிடும். மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் நாலாம் புள்ளிதான் தமிழின் மெய்ப்புள்ளி. மெல்லிய தாளில் குத்தினாலோ, நோட்டுகளை அடுக்கி வைத்தாலோ அது அமுங்கி, ‘அப்பா’ ‘அபபா’வாகப் படும். எழுத்துப்பிழை என்று மார்க்கைக் கழிக்கும் முன்னால் தாளைத் திருப்பி, குத்திய குழி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்க.