எலிகள் 1994-லேயே காட்டிய விஷயம்

ஜேம்ஸ் அலிசன் பற்றிப் பேசினாலே 2018 நோபல் பரிசில் போய் நிற்கிறோம். அவருடைய ஆய்வு வாழ்க்கையில் அதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஆய்விலிருந்து பிறந்த இபிலிமுமாப் என்ற புற்றுநோய் மருந்து வேலை செய்கிறதா என்று எப்போது பார்ப்பது என்கிற கேள்வி.

அவர் புற்றுநோய் மருந்து தேடிக் கிளம்பியவர் அல்ல. நோய் எதிர்ப்புக்குப் போராடும் வெள்ளணுவான டி செல் எப்படி விழித்துக்கொள்கிறது என்பதுதான் அவர் தேடல். 1982-ல் டி செல் தன் இலக்கை அடையாளம் காண உதவும் ஏற்பியின் புரதத்தை அடையாளம் கண்டார். அது வண்டியைக் கிளப்பும் சாவி என்றால், டி செல்லின் மேலுள்ள இன்னொரு புரதமான சிடி28 ஆக்சிலரேட்டர். 1987-ல் பிரான்ஸில் பியர் கோல்ஸ்டீன் குழு கண்டெடுத்த சிடிஎல்ஏ-4 என்ற புரதம், சிடி28 ஒட்டும் அதே பி7 மூலக்கூறுகளில் இன்னும் இறுக்கமாக ஒட்டியது. அதனால் இதுவும் ஆக்சிலரேட்டர்தான் என்று நினைத்தவர்கள் உண்டு. அது பிரேக் என்று காட்டியவர்கள் பெர்க்லியில் அலிசனும் மேத்யூ க்ரம்மெலும், தனியாக ஜெஃப்ரி புளூஸ்டோன் குழுவும்.

பிரேக்கைப் பிடிக்க விடாமல் தடுக்கும் ஆன்டிபாடியை, கட்டி உள்ள எலிகளுக்கு அலிசனின் ஆய்வகத்தில் டானா லீச் செலுத்தினார். முடிவு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்ததால், 1994 இறுதியில் எந்தக் கூண்டுக்கு எது போனது என்று அளப்பவருக்குத் தெரியாதபடி சோதனையைத் திரும்பச் செய்தார்கள். ஆரம்பத்தில் எல்லா எலிகளுக்கும் கட்டி வளர்ந்தது. அதன் பிறகுதான் சிலவற்றில் வளர்ச்சி நின்றது, பிறகு சுருங்கியது. டி செல்கள் பெருகி, கட்டிக்குள் நுழைந்து, கொல்லத் தொடங்க நாளாகும்.

இதே தாமதம் மனிதர்களிடமும் வந்தபோது பலர் தடுமாறினார்கள். கீமோதெரபிக்காக எழுதிய விதிப்படி, கட்டி பெரிதானால் சிகிச்சை தோல்வி. இதே பிரேக்கைத் தடுக்கும் ட்ரெமெலிமுமாப் என்ற மருந்தின் மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) சோதனையை 2008-ல் நடுவில் எடுத்த கணக்கை வைத்தே நிறுத்திவிட்டார்கள். இபிலிமுமாப் சோதனையிலோ முதன்மை அளவுகோலைக் கட்டி சுருங்கும் விகிதத்திலிருந்து உயிர்வாழும் காலத்துக்கு மாற்றினார்கள். அதுதான் மருந்தைக் காப்பாற்றியது என்பேன்.  பாதிப் பேர் உயிரோடு இருந்த காலமான இடைநிலை ஆயுள் ஒப்பீட்டுக் குழுவில் 6.4 மாதம், இபிலிமுமாப் குழுவில் 10.1 மாதம். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் பின்னாளில் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சுமார் 3 ஆண்டில் ஐந்தில் ஒருவர் உயிரோடு இருந்த இடத்தில், உயிரோடு இருப்பவர்களின் விகிதத்தைக் காட்டும் கோடு கிட்டத்தட்ட சமதளமாகிவிட்டது. இடைநிலைக் கணக்கில் அந்த ஐந்தில் ஒருவர் தெரியவே மாட்டார்!

இதை வைத்து, கட்டி வளர்ந்தாலும் பரவாயில்லை என்று காத்திருக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது ஆபத்து. பெரிதாவது போல் காட்டிப் பின்பு சுருங்குவது சிறுபான்மையினரிடம் மட்டுமே. நோயாளி தெம்பாக இருந்தால் 4 முதல் 8 வாரத்தில் மறு ஸ்கேன் எடுத்து உறுதி செய்யலாம். எடை குறைந்து, வலி ஏறி, ஆள் படுக்கையில் விழுந்தால் அது நிஜமான வளர்ச்சி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரேக் இல்லாத டி செல் குடலையும் தாக்கும். ஒரு நாளைக்கு வழக்கத்தைவிட 4 தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு போனால், அஜீரணம் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கு ஸ்டீராய்டு ஆரம்பித்தால், போக்கு நின்றுவிட்டதே என்று சட்டென நிறுத்தவும் கூடாது. குறைந்தது 4 வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் குறைக்காவிட்டால் குடல் அழற்சி மறுபடி கிளம்பலாம்.