நாலு குழி காலியான மாத்திரை அட்டை

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம் இது.

ஐந்தாம் மாதக் கர்ப்பிணி, ஹீமோகுளோபின் 8.2. கொடுத்த சத்து மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாலு குழிதான் காலி. ஏன் நிறுத்திட்டீங்க என்றதும் போனை நீட்டினார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும், பீட்ரூட் சாறும் பேரீச்சம்பழமும் போதும் என்று பேசுகிறார். நான் சத்தம் போட்டேன். "இதையெல்லாம் நம்பாதீங்க, நாங்க சொல்றதைக் கேளுங்க." தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் 7.9. அட்டையில் அதே நாலு குழி.

அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "வெளிக்கிப் போனா கருப்பாப் போச்சு சிஸ்டர். மாமியாகிட்ட சொன்னேன். உள்ள இருக்கிற புள்ளயும் இப்படித்தான் கறுக்கும்னாங்க."

வீடியோ வருவதற்கு முன்பே பயம் வந்துவிட்டது. உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு மலத்தோடு வெளியேறும், அதனால்தான் கறுப்பு. குழந்தையின் நிறம் அப்பா அம்மா வழியில் வருவது. மாத்திரை கொடுத்த முதல் நாளே இந்த இரண்டு வரியை நான் சொல்லியிருந்தால் அந்த வீடியோ அவரிடம் எடுபட்டிருக்காது. சொல்லாதது என் தப்பு.

எங்கள் படிப்பில் ஊட்டச்சத்து பாடம் உண்டு. எந்த வைட்டமின் குறைந்தால் என்ன நோய் என்று எழுதி மார்க் வாங்கினோம். போனை நீட்டுகிறவருக்கு என்ன பதில் சொல்வது என்று யாரும் கற்றுத்தரவில்லை. தங்களுக்கும் யாரும் கற்றுத்தரவில்லை என்றுதான் டாக்டர்கள் பலரும் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். தப்பான தகவல் எங்கள் வாயிலிருந்தும் போகிறது. "சுகரா, சோறு வேண்டாம், களி எவ்வளவு வேணா சாப்பிடுங்க" என்று சொல்லும் சுகாதாரப் பணியாளர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. ராகி நம் மண்ணின் தானியம், நானும் அதில் வளர்ந்தவள்தான். 2023லிருந்து ரேஷனிலும் தருகிறார்கள். சுண்ணாம்புச்சத்து 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல், அரிசி பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் அதே 100 கிராமில் மாவுச்சத்தும் எழுபது கிராம் அளவுக்கு இருக்கிறது. பெரிய உருண்டையாக இரண்டு களி உள்ளே போனால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இரும்பும் அப்படித்தான்: 100 கிராம் ராகியில் 4, 5 மில்லிகிராம், மாத்திரை ஒன்றில் 60. களி சாப்பிடட்டும், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

முதலில் எங்களுக்குச் சந்தேகப்படச் சொல்லித்தர வேண்டும். வீடியோவில் பேசுகிறவர் ஒரே பொருள் எல்லா நோயையும் தீர்க்கும் என்கிறாரா? எவ்வளவு, யாருக்கு என்று சொல்லாமல் விடுகிறாரா? கடைசியில் பவுடர் டப்பா விற்கிறாரா? சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. இது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு பேசும் விதம். எங்கே கேட்டீங்க, எதுக்குப் பயந்தீங்க என்று முதலில் கேட்பது. பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் உண்மையிலிருந்து ஆரம்பிப்பது. சமையல் முடிவு மாமியார் கையில் என்றால் அவரையும் உட்கார வைப்பது. புத்தகம் படித்து இது வராது, வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தில் அரை மணி நேரம் போதும். அந்த மாதம் ஊரில் சுற்றிய ஒரு வீடியோவைப் போட்டு, ஒருவர் மாமியாராக உட்கார, இன்னொருவர் பதில் சொல்லட்டும். டாக்டர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், வீடு வீடாகப் போகிற மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் எல்லோரும் சேர்ந்து. ஆளுக்கொரு பதில் சொன்னால் ஜனங்கள் யாரை நம்புவார்கள்?

அந்தப் பெண் இப்போது மாத்திரை போடுகிறார். டீ குடித்த கையோடு போடக்கூடாது, எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் 9.4. மாமியாரும் கூட வந்திருந்தார், அட்டையை அவர்தான் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.