நாற்காலிகள் பறந்த கூட்டமும் பெரியவரின் கேள்வியும்

வேட்பாளர் யார் என்ற போட்டியில் நம் ஒன்றியச் செயல்வீரர்கள் கூட்டத்தில் நம் கட்சிக்காரர்களே ஒருவரையொருவர் ஏசி நாற்காலிகளை எறிந்துகொண்டதை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நான் அதைப் பார்த்தது நெல் கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இறங்கட்டும் என்று வெயிலில் காயப்போட்ட சம்பா நெல்லுக்குப் பக்கத்தில். உடன் காத்திருந்த பெரியவர் என் கைப்பேசியை வாங்கி இரண்டு முறை பார்த்துவிட்டு, "தம்பி, இவங்க நம்ம நெல்லுக்காகவா அடிச்சிக்கிறாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வேட்பாளராக ஆசைப்படுவது குற்றமில்லை. விருப்ப மனு கொடுங்கள், நேர்காணலில் உங்கள் நியாயத்தைச் சொல்லுங்கள். ஆனால் சொந்தக் கட்சிக்காரரை ஒலிபெருக்கியில் 'மணல் திருடன்' என்று ஏசிவிட்டு, நாளை அவரையே தலைமை அறிவித்தால் எந்த முகத்தோடு அவருக்கு வாக்குக் கேட்பீர்கள்?

1989 தேர்தலில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் அ.தி.மு.க.தான். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் கட்சி பிளந்து இரட்டை இலை முடக்கப்பட்டிருந்ததால், ஒரே திண்ணைச் சுவரில் அண்ணன் ஜெயலலிதா அணியின் சேவலையும் தம்பி ஜானகி அணியின் இரட்டைப் புறாவையும் வரைந்தார்கள். சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2, ஆட்சி தி.மு.க.விடம் போனது. அணிகள் இணைந்து சின்னம் திரும்பியதும், அதே ஆண்டு மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களில் அவர்களே வென்றார்கள். சில வாரங்களில் கொள்கையா மாறிவிட்டது? சண்டை நின்றது, அவ்வளவுதான். எதிர்வீட்டில் மட்டும் அது நிற்கவில்லை. சுண்ணாம்பு அடித்த பிறகும் அந்தச் சேவலின் சிவப்புக் கொண்டை பல ஆண்டுகள் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சிக்குள் அதிபர் வேட்பாளர் இடத்துக்கு ஒபாமாவும் ஹில்லாரி கிளிண்டனும் மோதவில்லையா, அந்தக் கட்சி 2008-இல் வெல்லவில்லையா என்று கேட்பீர்கள். மோதினார்கள். ஆனால் அங்கே கட்சிக்குள் நடந்த தேர்தலில் வாக்குப்பெட்டி தீர்ப்புச் சொன்னது. ஜூன் 7 அன்று ஹில்லாரி விலகி, தம் ஆதரவாளர்களை ஒபாமாவுக்கு உழைக்கச் சொன்னார். 1980-இல் அதே கட்சியின் எட்வர்ட் கென்னடி, அதிபராக இருந்த கார்ட்டரைக் கட்சி மாநாடு வரை எதிர்த்து நின்றதையும், அந்த நவம்பரில் கார்ட்டர் தோற்றதையும் ஏன் சொல்வதில்லை? விலைவாசியும் ஈரான் பிணைக்கைதிகள் விவகாரமும் சேர்ந்தே அவரை வீழ்த்தின என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுச் சண்டைக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தச் சண்டையைக் கண்டித்தால், உட்கட்சி ஜனநாயகத்துக்கு நான் எதிரி என்கிறீர்கள். நாற்காலியை எறிவதற்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். 'நீ அந்த ஆளுடைய கையாள்' என்று நேற்றிரவு எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்கிறேன்: உன் அப்பாவும் நானும் ஒரே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு இந்த ஊரில் விடிய விடியச் சுவரொட்டி ஒட்டியவர்கள், அவர் இருந்திருந்தால் இந்த வார்த்தையை நீ எழுதியிருக்க மாட்டாய்.

ஞாயிறு அன்று வாக்காளர் பட்டியலோடு நான் போக வேண்டிய தெருவில், முதல் வீடு அந்தப் பெரியவருடையது.